தடைக்காலத்துக்கு முன் ஒரு ஃப்ரீசர்

நான் (சயான்): அனைவருக்கும் வணக்கம். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை இங்கே மும்பைக் கடலில் மீன்பிடித் தடை. அதற்குள் வஞ்சிரமும் வாவலும் வாங்கிச் சேர்த்துவைக்க, மேலே மூடி திறக்கும் ஃப்ரீசர் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறோம். கடையில் 'ஐஸ் படியாத' மாடலைக் காட்டி, விலை கூடுதலானாலும் மும்பை மழைக்கு அதுதான் சரி என்கிறார்கள். கொடுக்கலாமா?

சித்தி (தானே): தாராளமாகக் கொடு. என் பெட்டியில் ஐஸைக் கரைத்து, குனிந்து அடியைத் துடைத்து நிமிர்வதற்குள் எனக்கு இடுப்பே விட்டுப்போகிறது.

மாமா (செம்பூர்): முதலில் 'ஐஸ் படியாத' என்ற பேச்சுக்கு என்ன பொருள் என்று கடைக்காரரையே கேள், அம்மா. முழு ஃப்ராஸ்ட் ஃப்ரீ என்றால் உள்ளே ஒரு விசிறி இருக்கும். குளிர்ச்சுருளில் படியும் ஐஸைச் சிறு ஹீட்டர் ஒன்று அவ்வப்போது உருக்கிவிடும். நம் இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜில் நடப்பது அதுதான். மேல்மூடிப் பெட்டிகளில் பெரும்பாலானவை அப்படியல்ல. குளிரூட்டும் வாயு ஓடும் குழாய் சுவருக்குள்ளேயே சுற்றி வருவதால், காற்றின் ஈரம் சுவரிலேயே ஐஸாகப் படியும். உள்ளே காற்று வரும் துளைகள் கண்ணில் படவில்லை என்றால், ஸ்டிக்கரில் என்ன எழுதியிருந்தாலும் அது ஐஸைக் குறைக்கும் பெட்டியாக இருக்கலாமே தவிர, ஐஸே படியாத பெட்டி அல்ல.

நான் (சயான்): விசிறியும் ஹீட்டரும் உள்ளதே கிடைத்தால், மாமா?

மாமா (செம்பூர்): மீனுக்கு வேண்டாம் என்பேன். இரண்டு மாதம் இருக்க வேண்டிய மீனுக்கு, -18 டிகிரி ஏறாமல் இறங்காமல் நிற்பதுதான் முக்கியம். ஹீட்டர் ஓடும்போதெல்லாம் குளிர் சற்றே தளரும். விசிறிக் காற்றோ, சரியாகச் சுற்றாத துண்டின் ஈரத்தை உறிஞ்சிவிடும். வஞ்சிரத் துண்டின் ஓரம் வெளுத்து, குழம்பில் போட்டால் நார் நாராக வருமே, அது இப்படி வருவதுதான். இரண்டும் மின்சாரத்தையும் கூடுதலாகக் கேட்கும்.

அத்தை (செம்பூர்): மழையில் துணியே காயாத ஊரில் ஐஸ் கட்டாமல் இருக்குமா?

மாமா (செம்பூர்): கட்டும், ஆனால் கதவு முன்புறம் திறக்கும் பெட்டியைப் போல அல்ல. குளிர்ந்த காற்று கனமானது, மூடியைத் திறந்தாலும் கிணற்றுத் தண்ணீர் போலக் கீழேயே கிடக்கும். அரை சென்டிமீட்டர் கனம் ஏறும்போது கரைத்தால் போதும். தங்கச்சி, உங்கள் பெட்டியில் ஐஸ் எங்கே அதிகம்? மேல் விளிம்பிலா, அடியிலா?

சித்தி (தானே): அடியில்தான், அண்ணா. ஒரு மூலையில் புற்று மாதிரி வளர்கிறது.

மாமா (செம்பூர்): தண்ணீர் வடியும் துளை அந்த மூலையில் இருக்கிறதா, அதில் அடைப்பான் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே புகுந்த காற்று குளிர்ந்து சுருங்கும்போது வெளிக்காற்றை இழுக்கும். மூடியவுடன் மீண்டும் திறக்க வராமல் மூடி ஒட்டிக்கொள்வதும் அதனால்தான். துளை திறந்திருந்தால் அந்த வழியாக ஈரக்காற்று ஏறிக்கொண்டே இருக்கும்.

அண்ணன் (முலுண்ட்): ஐஸைச் சுரண்ட மட்டும் கத்தி எடுக்காதே. போன ஆண்டு நான் பொறுமையிழந்து ஸ்க்ரூடிரைவரால் குத்தினேன். 'புஸ்' என்று ஒரே ஒரு சத்தம். மறுநாள் காலை கட்டியாக இருந்த இறால் பைகள் தொளதொளவென்று கிடந்தன. குழாய் சுவரின் நுரைக்குள் புதைந்திருந்ததால், பழுதுபார்க்க வந்தவர் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். இப்போது சுவிட்சை அணைத்து, ஒரு பாத்திரம் வெந்நீரை உள்ளே வைத்து மூடிவிடுகிறேன். முக்கால் மணி நேரத்தில் ஐஸ் பலகை பலகையாகத் தானே கழன்று விழுகிறது.

மாமா (செம்பூர்): நல்லவேளை, பக்கத்தில் அடுப்பு எரியவில்லை. இப்போது பல பெட்டிகளில் இருப்பது தீப்பற்றும் வாயு.

சித்தி (தானே): அடைப்பான் அகப்பட்டது! போன முறை கழுவியபோது கழற்றியது, சமையலறை இழுப்பறையில் ரப்பர் பேண்டுகளோடு கிடக்கிறது. ஆனாலும் இடுப்பு என்னுடையது, என் கருத்தை நான் முழுதாக மாற்றிக்கொள்ளவில்லை.

அத்தை (செம்பூர்): ஜூலைக் கடைசியில் மீன் தீர்ந்து பெட்டி காலியாக இருக்கும், படகு கடலுக்குப் போவதற்குள் ஒருமுறை கரைத்துவிட்டால், குனிகிற வேலை அதோடு தீர்ந்தது. கடையில் மூடிக்கும் ரப்பருக்கும் நடுவே ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி, நான்கு பக்கமும் இழுத்துப் பார். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்தப் பெட்டி வேண்டாம். தண்ணீர் வடியும் வாய்க்குக் கீழே தட்டு நுழைய இடம் இருக்கிறதா என்றும் அளந்துவிடு.

நான் (சயான்): இப்போது கடையில்தான் நிற்கிறேன், அத்தை. விசிறி இல்லாத 200 லிட்டர் பெட்டி. நோட்டு நான்கு பக்கமும் இறுகப் பிடிக்கிறது. கீழே நான்கு விரற்கடை உயரம் இருப்பதால் நம் சப்பாத்தி மாவு பிசையும் தட்டு தாராளமாக நுழையும். வியாழக்கிழமை கொண்டுவந்து இறக்குகிறார்கள்.