கோவேரியன்ஸ், கான்ட்ராவேரியன்ஸ்: தமிழில் என்ன போடலாம்?

காரைக்குடியிலிருந்து:
ஐயா, ஆச்சி, எல்லாருக்கும் வணக்கம். திங்கட்கிழமை வகுப்பில் ஜாவா நிரல்மொழியின் ஜெனரிக்ஸ், அதாவது லிஸ்ட் போன்றவை எந்த வகைப் பொருளுக்கு என்று குறித்து எழுதும் முறை; அதற்குள் பாடக்குறிப்பு அச்சுக்குப் போகணும். ஒரு வகை இன்னொன்றின் கீழ் அதன் பண்புகளோடு வரும் இன்ஹெரிட்டன்ஸுக்கு மரபுரிமம் இருக்கிறது. அந்த மேல் கீழ் உறவு, அவ்வகைகளை வைத்துச் செய்த லிஸ்ட் போன்றவற்றுக்கும் அப்படியே வந்தால் கோவேரியன்ஸ், தலைகீழாக வந்தால் கான்ட்ராவேரியன்ஸ், வராவிட்டால் இன்வேரியன்ஸ்; இந்த மூன்றுக்கும்தான் சொல் இல்லை. என் உதாரணம் இது: பலகாரம் நிரலில் ஒரு வகுப்பு (கிளாஸ்), தேன்குழலும் கந்தரப்பமும் அதன் மரபில் வருபவை. தேன்குழல் லிஸ்டைப் பலகார லிஸ்ட் என்று கைமாற்ற ஜாவா விடாது. விட்டால், வாங்கியவர் அதில் கந்தரப்பத்தைப் போடுவார், தேன்குழல் என்று நம்பி எடுப்பவர் மாட்டிக்கொள்வார். ஜாவாவின் இன்னொரு தொகுப்பான அரேயில் இதை விட்டுவிட்டதால்தான் நிரல் ஓடும்போது அரே ஸ்டோர் எக்செப்ஷன் என்ற பிழை வருகிறது. எடுக்க மட்டும் என்றால் ஆபத்தில்லை. உடன்மாறி, எதிர்மாறி, மாறிலி சரியா?

தேவகோட்டையிலிருந்து:
தம்பி, மாறிலி வேண்டவே வேண்டாம், அது கான்ஸ்டன்ட். மாறி என்றாலே வேரியபிள். இங்கே மாறுவது மதிப்பு இல்லை, உறவு போகிற போக்கு. உடன்போக்கு, எதிர்ப்போக்கு என்று வையுங்கள். 'ஒருவினை ஒடுச்சொல் உயர்பின் வழித்தே' என்கிறது தொல்காப்பியம், அரசனோடு சேவகன் வந்தான் என்பதில் ஓடு உயர்ந்தவன்மேல்தான் ஏறும். உடன் என்பதும் அந்த மூன்றாம் வேற்றுமைச் சொல்தான். தேன்குழல் பலகாரத்துடன் போகிறது, பலகாரம் தேன்குழலுடன் போகாது. மரபுரிமத்தின் மேல் கீழ் முழுவதும் இந்த ஒரு நூற்பாவில் அடங்குகிறது.

பள்ளத்தூரிலிருந்து:
நூற்பா பொருத்தம் அருமை ஐயா. ஆனால் உடன்போக்கு என்றதும் தலைவனோடு தலைவி பாலை வழியே போவதுதான் பிள்ளைகளுக்கு நினைவு வரும். தொல்காப்பியர் அதைக் கொண்டுதலைக்கழிதல் என்றாலும், நமக்குப் பழகியது உடன்போக்குதானே. உடன்திசை, எதிர்த்திசை போதும். பலகாரங்களை எடையால் ஒப்பிடும் கம்பேரேட்டர் தேன்குழலையும் ஒப்பிடும், ஆக தேன்குழல் கம்பேரேட்டர் கேட்கிற இடத்தில் பலகாரத்துடையதைக் கொடுக்கலாம். உறவு தலைகீழாகிறது, எதிர்த்திசை என்றால் அது உடனே பிடிபடும்.

புதுவயலிலிருந்து:
அண்ணே, வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்குக் கோவேரியன்ஸ் என்றே எழுதுங்கள். நேர்முகத் தேர்வில் அதைத்தான் கேட்பார்கள். கோட்லின், சி ஷார்ப் நிரல்மொழிகளில் கோவேரியன்ஸுக்கு அவுட், கான்ட்ராவேரியன்ஸுக்கு இன் என்று இரண்டு சின்னச் சொல்லில் முடித்திருக்கிறார்கள், நாமும் வெளி, உள் என்று வைத்தால் என்ன?

காரைக்குடியிலிருந்து:
வெளி, உள் அந்த மொழிகளின் குறிச்சொல்லுக்குப் பொருந்தும், கருத்துக்குப் போதாது. உடன்திசை, எதிர்த்திசை என்றே அச்சுக்குக் கொடுக்கிறேன், முதல் தடவை வரும் இடத்தில் ஆங்கிலப் பெயரும் பக்கத்தில் இருக்கும். இன்வேரியன்ஸுக்கு இப்போதைக்குத் திசையின்மை.

தேவகோட்டையிலிருந்து:
கொடுங்கள். ஆனால் திசை என்பது வடசொல், போக்கு நம் சொல். அடுத்த பதிப்புக்கு மறுபடி எழுதுவேன்.