கிராங்க் டேம்பர் மாற்றுவது பற்றி உதவி வேண்டும்
வணக்கம். செங்கோட்டையில் இருக்கிறேன். 1.6 லிட்டர், நாலு சிலிண்டர் பெட்ரோல் வண்டி. வாரந்தோறும் ஆரியங்காவு வழியாகப் புனலூர் போய் வருவேன். கிராங்க் புல்லியை (இன்ஜினின் கிராங்க் தண்டு முனையில் பெல்ட் ஓடும் சக்கரம்; டேம்பர் என்பதும் இதுவே) டார்ச் அடித்துப் பார்த்தால், நடு ரப்பரில் மயிரிழை போல வெடிப்பு. வெளி வளையமும் லேசாகத் தள்ளாடுகிறது.

மெக்கானிக் அண்ணன், "ரப்பரே இல்லாத அலுமினியப் புல்லி போடு, பிக்கப் கூடும்" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. சிலிண்டர் ஒவ்வொன்றும் தள்ளும்போது கிராங்க் துளி முறுக்கித் திரும்பும்; அந்த அதிர்வை அடக்கத்தானே ரப்பர்? அது போனால் நாளடைவில் பேரிங்கும் ஆயில் பம்பும் அடி வாங்குமே.

பவர் கூடுதலாக வேண்டாம், இன்ஜின் நீடித்தால் போதும். சரி, சிலிக்கோன் திரவம் நிரப்பிய டேம்பர் 6500 ஆர்பிஎம் தாண்டாத வண்டிக்குத் தேவையா, கம்பெனி டேம்பரே போதுமா? போட்டு ஓட்டியவர்கள் சொல்லுங்கள். அப்புறம், தென்காசி, கொல்லம் பக்கம் நல்ல பட்டறை தெரிந்தாலும் சொல்லுங்கள்.