மீன் எண்ணெய் கேப்ஸ்யூல்: 1000 மி.கி. தினம் ஒன்று போதுமா?

தென்றல்76:
அப்பாவுக்கு 61 வயது. ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள ஒரு கொழுப்பு) 260. கொலஸ்ட்ராலுக்கான ஸ்டாட்டினும், ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினும் ஏற்கெனவே போடுகிறார். மீன் எண்ணெய் 1000 மி.கி. தினம் ஒன்று போட்டால் குறையுமா? வாங்கிய டப்பாவைத் திறந்தால் எலுமிச்சை வாசனை தூக்கலாக அடிக்கிறது, அது சரிதானா? வாரம் 2 நாள் மத்தி சாப்பிட்டாலே போதுமா?

மருந்துச்சீட்டு:
டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்க. 1000 என்பது எண்ணெயின் எடை. சாதாரண கேப்ஸ்யூலில் ஈ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120, ஆக 300 மி.கி. தான் ஒமேகா-3. (ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. இரண்டும் மீனில் உள்ள ஒமேகா-3 கொழுப்பின் வகைகள்.) அந்தக் கணக்கு ஒரு கேப்ஸ்யூலுக்கா இரண்டுக்கா என்றும் கவனிங்க. பலர் ஏமாறுவது அங்கேதான். ட்ரைகிளிசரைடை மருந்தாகக் குறைக்கத் தரும் அளவு தினம் 4 கிராம் வரை போகும். சாதாரண கேப்ஸ்யூல் என்றால் அதற்கு 13க்கும் மேல் விழுங்கணும். ஒன்றால் 260 அசையாது.

முதலில் ரத்தம் வெறும் வயிற்றில் எடுத்ததா என்று கேளுங்க. எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சர்க்கரை சராசரி), தைராய்டு இரண்டும் பார்த்துவிடுங்க. சோற்றின் அளவு, இனிப்பு, மது இவற்றைக் குறைத்தாலே நல்ல வித்தியாசம் தெரியும்.

இதயத்துடிப்பு:
மேலே சொன்னதோடு ஒன்று. "இதயத்துக்கு நல்லது" என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீங்க. 2018இல் வந்த வைட்டல் ஆய்வில் 25,000க்கும் மேற்பட்டவர்கள். தினம் 1 கிராம் மீன் எண்ணெய் கொடுத்தும் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் குறிப்பிடும்படி குறையவில்லை. அதே ஆண்டு ரெட்யூஸ்-இட் ஆய்வில் சுத்திகரித்த ஈ.பி.ஏ. மட்டும் 4 கிராம் கொடுத்தபோது பாதிப்பு 25% குறைந்தது. ஆனால் ஈ.பி.ஏ.வும் டி.எச்.ஏ.வும் கலந்து 4 கிராம் கொடுத்த ஸ்ட்ரெங்த் ஆய்வில் (2020) பலன் இல்லை. அளவு கூடக் கூட ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனும் துடிப்புக் கோளாறு வரும் வாய்ப்பும் கூடுகிறது. ஆஸ்பிரின் வேறு போடுகிறார், ரத்தக்கசிவையும் யோசிக்கணும். டாக்டரைக் கேட்காமல் கிராம் கணக்கில் ஏற்றவே கூடாது.

எண்ணெய்ச்சோதனை:
எலுமிச்சை வாசனை தப்பில்லை, ஆனால் காறல் அடித்த எண்ணெயை அது மூடி மறைக்கும். ஒரு கேப்ஸ்யூலை ஊசியால் குத்தி ஒரு சொட்டு நாக்கில் வைங்க. லேசான மீன் வாசனை சரி. பழைய பெயிண்ட் மாதிரி காறலாக இருந்தால் டப்பாவோடு தூக்கிப் போடுங்க.

தயாரிப்பாளரிடம் சோதனை அறிக்கை கேட்டால், எண்ணெய் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டும் எண்கள் இருக்கும். பெராக்சைடு 5க்குள், அனிசிடின் 20க்குள், டோடாக்ஸ் 26க்குள் இருக்கணும். டோடாக்ஸ் என்பது பெராக்சைடை இரட்டித்து அனிசிடினைக் கூட்டுவது. பெராக்சைடை மட்டும் காட்டினால் நம்பாதீங்க: அது முதலில் ஏறி, பிறகு ஆல்டிஹைடாக உடைந்து இறங்கிவிடும். அந்த ஆல்டிஹைடைக் காட்டுவதுதான் அனிசிடின். கெட்டுப் பழசான எண்ணெயும் குறைந்த எண் காட்டும். வாசனை சேர்த்த எண்ணெயில் அனிசிடின் எண்ணே பிசகும், அதனால் வாசனை சேர்க்கும் முன் எடுத்த அறிக்கையைக் கேளுங்க.

தெர்மாகோல் கப்பில் ஊற்றி, கரைந்தால் போலி என்று வீடியோ சுற்றுகிறது. தவறு. எத்தில் எஸ்டர் (ஒமேகா-3ஐச் செறிவூட்டப் பதப்படுத்திய வடிவம்) வகை எண்ணெய் தெர்மாகோலைக் கரைக்கும், அது அதன் வேதியியல். அந்த வகை வெறும் வயிற்றில் சரியாக உறிஞ்சப்படாது. எண்ணெய், முட்டை, தேங்காய் ஏதாவது சேர்ந்த சாப்பாட்டின் நடுவே போடணும். மீன் ஏப்பமும் குறையும். அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் வைக்காதீங்க.

கடற்கரைச்சமையல்:
மத்தி அருமையான தேர்வு. அமெரிக்க இதய சங்கமே வாரம் 2 முறை மீன் என்றுதான் சொல்கிறது, ஒரு முறைக்குச் சமைத்த மீன் 85 கிராம். மத்தியின் கொழுப்பு பருவத்துக்குப் பருவம் மாறும். வயிற்றுப் பக்கம் நெய் போலக் கொழுப்பு படிந்திருக்கும் மத்தி கிடைத்தால் விடாதீங்க. பொரித்தால் மீனின் கொழுப்பு சட்டிக்குப் போய், சட்டி எண்ணெய் மீனுக்குள் வரும். குழம்பு வைத்தால் கசிந்தது குழம்பிலேயே மிதக்கும், அதையும் ஊற்றிச் சாப்பிடலாம். கருவாட்டில் உப்பு அதிகம், பிரஷர் உள்ளவருக்கு ஆகாது.

தென்றல்76:
நன்றிங்க. பின்பக்கம் பார்த்தேன், 2 கேப்ஸ்யூலுக்குத்தான் 300 என்று போட்டிருக்கு. மாட் லிவர் ஆயில் வாங்கலாமா?

மருந்துச்சீட்டு:
காட் லிவர் ஆயிலைச் சொல்றீங்க என்று நினைக்கிறேன். அது காட் என்ற மீனின் ஈரல் எண்ணெய். வைட்டமின் ஏ, டி இரண்டும் இருக்கும். ஒமேகா-3க்காக அளவைக் கூட்டினால் வைட்டமின் ஏ உடம்பில் தேங்கிவிடும். அப்பாவுக்கு அது வேண்டாம்.