1852-இல் ஓரிகன் போன பாட்டியின் பிறந்த வீட்டுப் பெயர் கிடைக்கவில்லை, உதவுங்கள்

மருமகள்: வணக்கம். என் மாமியார் அமெரிக்கர், 80 வயது. தன் பாட்டியின் பாட்டி யார் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறார். தேடும் வேலை என் தலையில். பாட்டி பெயர் மேரி. கணவரோடு அயோவாவிலிருந்து 1852-இல் மாட்டுவண்டியில், அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள ஓரிகன் போனவர். 1860 சென்சஸில் லின் கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) இருக்கிறார்: வயது 26, பிறந்தது ஒஹாயோ. 1850 சென்சஸில் கணவரின் குடும்பப் பெயரில் தேடினால் ஆளே இல்லை. பிறப்பு, கல்யாணமெல்லாம் எழுதிவைக்கும் குடும்ப பைபிளிலும் வெறும் 'மேரி'தான். எங்கே தப்பு செய்கிறேன்?

பழைய ஏடு: மூத்த குழந்தைக்கு 1860-இல் என்ன வயது? எங்கே பிறந்தது?

மருமகள்: பையன், 8 வயது, அயோவா. அடுத்தவள் 6, ஓரிகன்.

பழைய ஏடு: அப்படியென்றால் 1850-இல் அவருக்குக் கல்யாணமே ஆகியிருக்காது. அப்பா வீட்டில், அப்பா பெயரில் இருப்பார். 1840-க்குப் போய் நேரத்தை வீணாக்காதீர்கள். அதில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான், மற்றவர்கள் எல்லாம் வயதுக் கட்டத்தில் ஓர் எண்.

சென்சஸை மூடிவைத்துவிட்டு நிலத்தைப் பிடியுங்கள். ஓரிகனில் 1850-இல் நிலக்கொடைச் சட்டம் வந்தது. 1852-இல் போன தம்பதிக்கு 320 ஏக்கர். அதில் பாதி மனைவி பெயரிலேயே. (பழங்குடியினரோடு ஒப்பந்தம் முடியும் முன்பே இப்படிப் பங்கு போட்டார்கள், அது தனிக் கொடுமை.) மனைவி பங்கைக் கேட்க வேண்டுமானால் கல்யாணத்தைச் சொல்லியாக வேண்டும். அதனால் அந்தக் கோப்புகளில் கல்யாணத் தேதியும் ஊரும் இருக்கும். அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள். சாட்சிக் கையெழுத்துகளையும் விடாதீர்கள், சில சமயம் பெண்ணின் அண்ணன் தம்பியே சாட்சியாக இருப்பார்.

தூசிக்காரன்: அப்புறம் 1900 சென்சஸ் பாருங்கள். பிறந்த மாதம், கல்யாணமாகி எத்தனை வருஷம், பெற்ற பிள்ளைகள் எத்தனை, உயிரோடு எத்தனை என்று எல்லாம் அதில் கேட்டிருப்பார்கள். 1890 ஏடுகளைத் தேட வேண்டாம். 1921 தீவிபத்தோடு அநேகமாக எல்லாமே போய்விட்டன.

மருமகள்: பழைய ஏடு சார், கிடைத்துவிட்டது! கோப்பில் 1851 மார்ச், அயோவாவில் வான் பியூரன் கவுண்டி என்று இருந்தது. அந்தக் கவுண்டியின் திருமணப் பதிவேட்டில் பிறந்த வீட்டுப் பெயரும் இருந்தது. அந்தப் பெயரை வைத்து 1850-க்குத் திரும்பிப் போனால், அப்பா அம்மாவோடு 16 வயது மேரி! மாமியார் அந்தப் பெயரை நாலு தடவை சொல்லிப் பார்த்தார்.

1900-உம் பார்த்தேன். பெற்றது 9, உயிரோடு 4. எங்களிடம் ஆறு பிள்ளைகளின் பெயர்தான் இருக்கிறது. மீதி மூன்றை எங்கே தேடுவது?

தூசிக்காரன்: 1860-க்கும் 1870-க்கும் நடுவே பிறந்து, அதற்குள்ளேயே இறந்தும் போயிருந்தால் எந்த சென்சஸிலும் வராது. அந்த ஊர்க் கல்லறைகளில் ஆரம்பியுங்கள். பெற்றோர் கல்லுக்குப் பக்கத்தில் சின்னக் கற்கள் இருக்கிறதா பாருங்கள்.