செய்தி ஓடுவரி கீழே வெட்டுப்படுகிறது: சேனல் வடிவமைப்பின் குறையா?

கேள்வி:
அல் ஜசீரா ஆங்கிலம் பார்க்கிறேன். அடியில் ஓடும் வரியில் எழுத்துகளின் அடிப்பகுதி தெரிவதில்லை. ஓட்டமும் விட்டு விட்டு நடுங்குகிறது. தோஹாவிலுள்ள சேனல் நிலையத்திலிருந்து வருவதே இப்படியா?

பதில் 1:
வெட்டு உங்கள் டிவியில்தான். ஓவர்ஸ்கேன் என்பார்கள்: பழைய பிக்சர் டியூப் காலப் பழக்கத்தில் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரங்களை மறைப்பது. ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியத்தின் ஆர்95 பரிந்துரைப்படி எழுத்துகள் ஒவ்வொரு ஓரத்திலிருந்தும் 5% உள்ளே நிற்க வேண்டும். 1920×1080 படத்தில் பக்கவாட்டில் 96 பிக்சல், மேலும் கீழும் 54. பின்னணிப் பட்டை ஓரம்வரை போகலாம், எழுத்து போகக் கூடாது. ஓடுவரியைப் பல சேனல்கள் இந்த எல்லையை ஒட்டியே வைப்பதால் முதலில் அடிபடுவது அதுதான். டிவி மெனுவில் பிக்சர் சைஸில் 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' வையுங்கள். ஜூம் வேண்டவே வேண்டாம். இதைச் சரிசெய்யாமல் எந்தச் சேனலின் திரையமைப்பையும் எடைபோடுவது நியாயமில்லை.

பதில் 2:
நடுக்கம் வேறு விஷயம். ஒளிபரப்பு 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 ஃபீல்டுகள் (ஒவ்வொன்றும் படத்தின் பாதி வரிகள்). செட்டாப் பாக்ஸ் 60-இல் அனுப்பினால் சில ஃபீல்டுகள் இரண்டு முறை வரும், ஓடும் எழுத்து திக்கும். பாக்ஸின் வெளியீட்டை '1080i 50 ஹெர்ட்ஸ்' என்று வையுங்கள். இணைய நேரலை நொடிக்கு 25 ஃப்ரேமில் வந்தால் மட்டும் இந்த மாற்றத்தால் அந்தத் திக்கல் போகாது.

கேள்வி கேட்டவர்:
ஜஸ்ட் ஸ்கேன் போட்டதும் முழு எழுத்தும் தெரிகிறது. 50-க்கு மாற்றியதும் ஓட்டம் வழுக்கிக்கொண்டு போகிறது. மிக்க நன்றி.