கோல்ஃபில் 4-அயர்ன் (நீள அடிக்கான இரும்புத்தலை மட்டை) அடித்தால் புல் பெயரணுமா, கூடாதா?

நீலகிரிப்புல்:
நேற்று பழைய_அயர்ன் சார், புதிதாக ஆட வந்த ஒரு தம்பிக்குச் சொன்ன யோசனையைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "3, 4 அயர்னையெல்லாம் துடைப்பத்தால் பெருக்குவது மாதிரி அடி, புல் பெயர்ந்தால் அடி தப்பு" என்று எழுதியிருக்கிறார். இதே வார்த்தையை நம்பி நான் 2 வருஷம் வீணாக்கியவன். பந்தைத் தூக்கிவிடப் பார்ப்பேன், உடம்பு வலது காலிலேயே தங்கிவிடும். பாதி அடி பந்துக்குப் பின்னால் மண்ணில் விழும், மீதி பந்தின் தலையில் விழும்.

அடியை அளக்கும் ரேடார் கருவி டிராக்மேன். அந்த நிறுவனம் வெளியிட்ட பிஜிஏ டூர் (அமெரிக்க ஆண் தொழில்முறை ஆட்டக்காரர்கள்) சராசரியைப் பாருங்கள். 7-அயர்ன் பந்தைத் தொடும்போது 4.3 டிகிரி கீழ்நோக்கி வருகிறது. 4-அயர்ன் 3.4 டிகிரி கீழ்நோக்கி. வித்தியாசம் ஒரு டிகிரிகூட இல்லை. பந்தை மேலே அனுப்புவது கிளப் (மட்டை) முகத்தின் சாய்வு, நம் கை இல்லை. பந்து முதலில், புல் அப்புறம். மெலிசாகவாவது பெயரணும்.

பழைய_அயர்ன்:
தம்பி, நான் 1988இலிருந்து ஆடுகிறேன். அடிக்கக் கடினமான, தலை மெலிந்த பிளேடு அயர்னில் 2-அயர்னைப் பையில் வைத்திருந்தவன். நீங்கள் கருவியைப் பார்த்துப் பேசுகிறீர்கள், நான் கையை வைத்துப் பேசுகிறேன்.

அந்த 3.4 யாருடையது? மணிக்கு 96 மைல் வேகத்தில் 4-அயர்ன் சுற்றும் ஆட்களுடையது. நம்மில் யாருக்கு அந்த வேகம் இருக்கிறது? அதே டிராக்மேன் எல்பிஜிஏ பெண்களின் சராசரியும் போட்டிருக்கிறது. வேகம் 80 மைல், 4-அயர்ன் 1.7 டிகிரி. நமக்குப் பொருந்துவது அது. 1.7 என்பது பெருக்குவதுதான்.

நீலகிரிப்புல்:
1.7க்கு முன்னால் ஒரு மைனஸ் இருக்கிறது சார். அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? மைனஸ் என்றால் கீழ்நோக்கி. 1.7 ஆனாலும் 3.4 ஆனாலும் கிளப் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும்போதுதான் பந்தைத் தொடுகிறது. வளைவின் அடிப்புள்ளி பந்தைத் தாண்டித்தான் இருக்கிறது.

கோலாலம்பூர்_சுபா:
ஒரு சின்னக் கேள்வி. 'பெருக்குவது' என்று நீங்கள் இருவரும் எதைச் சொல்கிறீர்கள்? மேல்நோக்கி அடிப்பதையா, இல்லை கொஞ்சமாகக் கீழ்நோக்கி அடிப்பதையா? அதை முதலில் முடிவு செய்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

பழைய_அயர்ன்:
பெருக்குவது என்றால் பெருக்குவது. வீட்டில் துடைப்பம் பிடித்தவர்களுக்குத் தெரியும்.

1950 யுஎஸ் ஓபன், மெரியன் மைதானம், 18ஆவது குழி. பென் ஹோகன் 1-அயர்ன் அடித்து ஜெயித்தாரே, அந்தப் புகைப்படத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அந்த உடம்பின் சமநிலையைப் பாருங்கள். அது வெட்டுகிற ஆளின் உடம்பா?

நீலகிரிப்புல்:
அந்த அடியால் அவர் ஜெயிக்கவில்லை. அந்தக் குழியைப் பாரில் (அதற்கு விதித்த அடி எண்ணிக்கையில்) முடித்து, முதலிடத்தைச் சமன் செய்தார். மறுநாள் பிளேஆஃபில்தான் (சமனை முடிக்கும் கூடுதல் ஆட்டம்) லாயிட் மாங்ரம், ஜார்ஜ் ஃபாசியோ இருவரையும் தோற்கடித்தார். அந்தப் படம் பின்னாலிருந்து, ஸ்விங் முடிந்த பிறகு எடுத்தது. அதில் டிகிரி தெரியுமா?

பழைய_அயர்ன்:
முந்தைய வருஷம் பேருந்து மோதி எலும்பு நொறுங்கிய மனிதர், ஒரே நாளில் 36 குழி நடந்து அடித்த அடி அது. அதில் சமனா வெற்றியா என்று கணக்கு பார்க்கிறீர்கள்.

வார_இறுதி:
எதற்கு இந்தப் பாடு? 4-அயர்னை விற்றுவிட்டு ஹைபிரிட் (அயர்னும் வுட்டும் கலந்த, அடிக்க எளிதான மட்டை) வாங்குங்கள். 2009 பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் ஒய். இ. யாங் கடைசிக் குழியில் ஹைபிரிட்டால் அடித்துத்தான் டைகர் உட்ஸை மடக்கினார்.

பழைய_அயர்ன்:
ஹைபிரிட் பேச்சுக்குத் தனி இழை தொடங்குங்கள். அது அயர்ன் அடிக்கத் தெரியாதவர்களுக்கு.

வார_இறுதி:
யாங்குக்கு அயர்ன் அடிக்கத் தெரியாதா? பெரிய வார்த்தை சார்.

நீலகிரிப்புல்:
ஹைபிரிட்டுக்கும் டூர் சராசரி மைனஸ்தான். அதையும் யாரும் பெருக்குவதில்லை.

நான் செய்ததைச் சொல்கிறேன். ரேஞ்சில் (பயிற்சித் திடலில்) ரப்பர் மேட்டை விட்டுவிட்டுப் புல்லுக்குப் போனேன். மேட் பொய் சொல்லும். பந்துக்குப் பின்னால் தட்டினாலும் கிளப் வழுக்கிப் போய் நல்ல அடி மாதிரி கேட்கும். புல்லில் சுண்ணாம்புப் பொடியால் ஒரு கோடு போட்டேன். பந்து இல்லாமல் 20 முறை 4-அயர்னைச் சுற்றினேன். முதல் நாள் புல் பெயர்ந்த 14 தழும்பு கோட்டுக்குப் பின்னால். ஒரு மாதம் கழித்து அதே 20இல் 15 கோட்டுக்கு முன்னால், இலக்குப் பக்கம் தொடங்கின. ஒவ்வொன்றும் விசிட்டிங் கார்டு கனம், உள்ளங்கை நீளம். பாக்கெட் மாதிரி ஆழமாக இல்லை. பந்தை நடுவிலிருந்து இரண்டு பந்து அகலம் இடது பக்கம் வைத்தேன், அவ்வளவுதான். கோட்டைப் போட்டுப் பாருங்கள், பிறகு பேசுங்கள்.

பழைய_அயர்ன்:
விசிட்டிங் கார்டு கனமா? அதைத்தானே பெருக்குவது என்று நேற்றிலிருந்து சொல்கிறேன்!

நீலகிரிப்புல்:
நீங்கள் சொன்னது "புல் பெயர்ந்தால் அடி தப்பு." உங்கள் சொந்த வாக்கியம், மேலே அப்படியே இருக்கிறது. இப்போது கார்டு கனம் சரி என்கிறீர்கள்.

பழைய_அயர்ன்:
ஊட்டியில் ஆடிவிட்டு எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம். 2,200 மீட்டர் உயரம், காற்று மெலிசு, அங்கே யார் அடித்தாலும் பறக்கும். சென்னையில் மே மாசத்துத் தரையில் அந்த 3.4ஐ அடித்துப் பாருங்கள், மணிக்கட்டு போகும்.

நீலகிரிப்புல்:
உயரத்தால் பந்து தூரம் போகும், கோட்டுக்கு முன்னால் புல் பெயராது. இரண்டையும் குழப்பாதீர்கள். 2019இல் விதி மாறி, கையில் எடுத்த பந்தைத் திரும்பக் கீழே விடும்போது முழங்கால் உயரத்திலிருந்து போடணும் என்று நான் சொன்னபோதும் தோள் உயரம்தான் என்று நாலு நாள் சண்டை போட்டீர்கள். அதற்கு இன்றுவரை ஒரு வார்த்தை இல்லை.

பழைய_அயர்ன்:
அதை இன்னும் மனசில் வைத்திருக்கிறீர்களா?

நீலகிரிப்புல்:
வைத்திருக்கிறேன்.

கோலாலம்பூர்_சுபா:
என் கேள்வி அப்படியே நிற்கிறது.

புதுப்பந்து:
அண்ணா, சார், அந்தத் தம்பி நான்தான். நாளைக் காலை ரேஞ்சுக்குப் போகிறேன். 4-அயர்னை எப்படி அடிக்கட்டும்?

பழைய_அயர்ன்:
பெருக்கு தம்பி. பெயர்ந்த புல்லைத் திருப்பி வைத்து மிதித்துவிட்டு வா, இந்தக் காலத்தில் அதை யாரும் செய்வதில்லை.

நீலகிரிப்புல்:
பெருக்கினால் எந்தப் புல் சார் பெயரும்?

தம்பி, கோடு போடு. படம் எடுத்து இங்கே போடு.