பிராக்டிஸுக்கு நடுவில் மேல்படிப்பு: இன்னும் உறுத்துகிற ஒரு சம்பவம் சொல்லுங்கள்

ஈரோடு பிசியோ:
நானே ஆரம்பிக்கிறேன். பிபிடி (பிசியோதெரபி இளநிலைப் பட்டம்) முடித்து 12 வருஷம் கிளினிக் நடத்திவிட்டு 36 வயதில் எம்பிடி (முதுநிலை) ஆர்த்தோ, அதாவது எலும்பு மூட்டுப் பிரிவு, சேர்ந்தேன். பகலில் கல்லூரி, சாயங்காலம் கிளினிக். அந்தப் பாடு உங்களுக்கே தெரியும். உறுத்துவது வைவா என்கிற வாய்மொழித் தேர்வு. எக்ஸ்டர்னலாக, வெளியிலிருந்து தேர்வாளராக வந்தவர் பிபிடியில் எனக்கு இரண்டு வருஷம் ஜூனியர். மூட்டு மடங்கும் கோணத்தை அளக்கிற கோனியோமீட்டரைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். எழுந்து நின்று "குட் மார்னிங் சார்" என்றேன், தலையசைத்தார்.

என் தீசிஸ் முழங்கால் தேய்மானம், 30 பேர், இரண்டு குரூப். ஒரு குரூப்பில் வலி மற்றதைவிட 0.8 கூடுதலாகக் குறைந்திருந்தது, பி வேல்யூ 0.03, தற்செயல் என்று தள்ள முடியாத வித்தியாசம். பெருமையாகச் சொல்லி முடித்தேன். அவர் பக்கத்தைக்கூடப் புரட்டவில்லை. "பத்துக்கு 0.8. மாடிப்படி ஏறும்போது அந்த அம்மாவுக்கு இந்த வித்தியாசம் தெரியுமா சார்?"

எம்சிஐடி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பத்துக்குச் சுமார் 2 குறைந்தால்தான் நோயாளி உணர்வார் என்று படித்ததுதான். வாயில் வரவில்லை. பாஸ் போட்டுவிட்டார். வெளியே காரிடாரில் பின்னாலேயே வந்து, "அண்ணே, சாப்ட்டீங்களா?" என்றார். இரண்டு கேள்விகளில் எது அதிகமாக உறுத்துகிறது என்று இன்னும் தெரியவில்லை.

பெல்ட் மன்னன்:
இதற்குத்தான் நான் எம்பிடி பக்கமே போகவில்லை. கையாலும் பெல்ட்டாலும் மூட்டை நகர்த்திச் சிகிச்சை தரும் முல்லிகன் கோர்ஸ் நான்கு நாள். திங்கட்கிழமை காலையில் ஒரு பரோட்டா மாஸ்டர் வந்தார், டென்னிஸ் எல்போ என்கிற முழங்கை வலி, ஆறு வாரமாக மாவு பிசைய முடியவில்லை. பெல்ட் போட்டு மூட்டைப் பக்கவாட்டில் நகர்த்தும் லேட்டரல் கிளைடு கொடுத்துக்கொண்டே கையை இறுக்கச் சொன்னேன். இறுக்கினார். "வலிக்கலையே தம்பி" என்று என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! இரண்டு வருஷம் எம்பிடி படித்தவர்கள் என் ஏரியாவில் இன்னும் வலிக்கு மின்சாரம் பாய்ச்சும் ஐஎஃப்டி பேடைத்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

மிச்சிகன் ஹோம் ஹெல்த்:
பெல்ட் மன்னன், கை வேலை வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் எந்தக் காலில் கை வைக்கக்கூடாது என்று எந்த நான்கு நாள் கோர்ஸில் சொன்னார்கள்?

இங்கே அமெரிக்காவில் 2016இலிருந்து புதிதாகப் படிப்பவர்களுக்கு டிபிடிதான் (டாக்டர் ஆஃப் பிசிக்கல் தெரபி) நுழைவுப் பட்டம். என்னைப்போல் பிபிடியோடு லைசன்ஸ் வாங்கியவர்களுக்குக் கட்டாயம் இல்லை. கூட வேலை பார்ப்பவர்கள் எல்லாரும் டிபிடி என்பதால், வெட்கப்பட்டுத்தான் ஏற்கெனவே லைசன்ஸ் உள்ளவர்களுக்கான டிரான்சிஷனல் டிபிடியில் ஆன்லைனில் சேர்ந்தேன். மருந்தியல், இமேஜிங், ஒரே அறிகுறிக்குப் பின்னால் உள்ள நோய்களைப் பிரித்தறியும் டிஃபரென்ஷியல் டயக்னோசிஸ், எல்லாம் ராத்திரி 10 மணிக்கு மேல்.

இடுப்பு மூட்டு மாற்றி ஒன்பதாவது நாள், ஒரு பாட்டி. கெண்டைக்கால் வலி. "நீ கொடுத்த எக்சர்சைஸ்தான்" என்று சிரித்தார். முந்தின வாரம்தான், காலில் ரத்தக்கட்டி இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று பாயின்ட் போட்டுப் பார்க்கும் வெல்ஸ் ஸ்கோர் பாடம். முழங்காலுக்குக் கீழே டிபியல் டியூபராசிட்டி என்கிற எலும்பு மேட்டிலிருந்து 10 செ.மீ. அளந்து, பேனாவால் கோடு போட்டு டேப்பைச் சுற்றினேன். மறு காலைவிட 4 செ.மீ. அதிகம். 3ஐத் தாண்டினால் ஒரு பாயின்ட், சமீபத்திய அறுவைக்கு ஒன்று, விரலால் அழுத்தினால் குழி விழுந்ததற்கு ஒன்று. அங்கிருந்தே சர்ஜன் ஆபீஸுக்கு போன். அன்று மதியமே டாப்ளர் ஸ்கேனில் ரத்தக்கட்டி தெரிந்தது.

எல்லாரும் பாராட்டினார்கள். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. அதற்கு முன் 11 வருஷமாகப் பாதத்தை மேலே மடக்கி கெண்டைக்கால் வலிக்கிறதா என்று சோதிக்கும் ஹோமன்ஸ் டெஸ்ட் மட்டும் பார்த்து, "ஒண்ணுமில்லை" என்று சொல்லிவிட்டு வந்த கால்கள் எத்தனையோ. ஹோமன்ஸை நம்பக்கூடாது என்பதே எனக்கு அந்தக் கோர்ஸில்தான் தெரிந்தது.

பெல்ட் மன்னன்:
சரி, டேப் கதை நல்ல கதை. ஆனால் பேருக்கு முன்னால் டாக்டர் போடத்தானே பாதிப் பேர் டிபிடி சேருகிறார்கள்? 2025 செப்டம்பரில் பிசியோக்கள் டாக்டர் போடக்கூடாது என்று டெல்லியிலிருந்து ஒரு கடிதம் வந்து மறுநாளே நிறுத்திவைக்கப்பட்டதே, அந்த இரண்டு நாள் நம் வாட்சாப் குரூப்கள் பட்ட பாடு!

மிச்சிகன் ஹோம் ஹெல்த்:
பாட்டி என்னை "ஹனி" என்றுதான் கூப்பிட்டார்.

தீசிஸ் அக்கா:
என் கதை சின்னது. 40 வயதில் எம்பிடி நியூரோ. மருத்துவ ஆய்வுகளைப் பதிவு செய்யும் இந்தியப் பதிவேடான சிடிஆர்ஐயில் பதிவு செய்யும் முன்பே ஆர்வக்கோளாறில் 11 ஸ்ட்ரோக் நோயாளிகளைச் சேர்த்துவிட்டேன். கைடு சிவப்புப் பேனாவால் 11 பேரையும் ஒரே கோடாக அடித்தார். அதில் ஒரு ஆட்டோக்காரர் இரண்டு பஸ் மாறி வந்துகொண்டிருந்தார். அவரிடம் கணக்கில் நீங்கள் இல்லை என்று எப்படிச் சொல்வது? சொல்லவே இல்லை, கடைசிவரை சிகிச்சை மட்டும் கொடுத்தேன்.

ஈரோடு தம்பி, உங்களுக்குச் சில விஷயம் சொல்கிறேன். எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல் கையில் வந்ததும் முதல் வேலை சிடிஆர்ஐ. 2018 ஏப்ரலிலிருந்து முன்பதிவு மட்டும்தான் ஏற்கிறார்கள், முதல் நோயாளி சேர்ந்த பிறகு போனால் கதவு மூடியாச்சு. தலைப்பை உங்கள் கிளினிக்குக்குத் தானாக வருகிற நோயாளிகளை வைத்து எடுங்கள். ஊரெல்லாம் தேடி அலைகிற தலைப்பு வேண்டாம். ஸ்டாட்டிஸ்டிஷியனை டேட்டா எடுத்த பிறகு பார்க்காதீர்கள், முன்னாலேயே பாருங்கள். ஃபாலோ அப் தீபாவளி, பொங்கலில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுவார்கள். கிளினிக்கை மூடாதீர்கள், ஒரு ஜூனியரை உட்காரவையுங்கள். எக்செல் ஷீட்டை மூன்று இடத்தில் வையுங்கள். அப்புறம், கைடுக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்ல மறக்காதீர்கள்.

ஈரோடு பிசியோ:
அக்கா, நான் முடித்து மூன்று வருஷம் ஆச்சு.